‘நிலவறைச் சோறு’: உண்டலும் உண்ணப்படுதலும் – ஒரு ஜப்பானியப் படக்கதையில் அச்சத்தின் இருப்பிடம்

குயி ரியோகோ எழுதி வரைந்த ‘டஞ்சன் மெஷி’ என்னும் ஜப்பானியப் படக்கதை 2014 பிப்ரவரி முதல் 2023 செப்டம்பர் வரை ‘ஹார்ட்டா’ இதழில் தொடராக வெளிவந்து, 97 இயல்களாக, 14 தொகுதிகளில் நிறைவுற்றது. 2024ஆம் ஆண்டின் முற்பாதியில் டிரிகர் நிறுவனம் இதன் முற்பகுதியை 24 பகுதிகள் கொண்ட அசைவூட்டத் தொடராக்கியது. நிலவறையொன்றில் இறங்கும் வீரர்கள் அங்குள்ள விந்தை விலங்குகளைக் கொன்று சமைத்து உண்கின்றனர் என்று ஒரு வரியில் இதன் கதையைச் சொல்லிவிடலாம். அவ்வாறு சொல்லும்போது இது சமையற்குறிப்பும் நகைச்சுவையும் கலந்த பொழுதுபோக்குப் படைப்பாகவே தோன்றும்.

இப்படைப்பைப் படித்தோரிடையே நிலவும் பொதுவான கருத்து, இது நகைச்சுவையாகத் தொடங்கி நான்காம் தொகுதியை ஒட்டி இருண்ட கதையாகத் திரும்புகிறது என்பதாகும். இக்கட்டுரை அக்கருத்தோடு உடன்படவில்லை. இருள் இதில் இடையில் வந்து சேர்ந்ததன்று. முதல் இயலின் முதற்சில பக்கங்களிலேயே அது முழுமையாக உள்ளது. அதனை மறைப்பதும் பின்னர் வெளிப்படுத்துவதும் ஒரே கருவிதான். அக்கருவி சமையற்குறிப்பு என்னும் வடிவமே என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பின்புலமும்

‘மெஷி’ என்னும் ஜப்பானியச் சொல் சமைத்த அரிசியைக் குறிக்கும். அதன்வழிப் பொதுவாக உணவு வேளையையும் குறிக்கும். தமிழில் ‘சோறு’ என்னும் சொல்லும் இவ்விரு பொருளிலும் வழங்குவதால், ‘நிலவறைச் சோறு’ எனப் பெயர்த்தல் பொருந்தும். இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ‘மெஷி’ உயர்வழக்குச் சொல் அன்று. பசித்தவன் வீட்டில் உரிமையோடு கேட்கும் சொல். படைப்பு முழுவதையும் தாங்கி நிற்கும் எளிமை தலைப்பிலேயே உள்ளது.

நிலவறைக்குள் இறங்கிப் பொருள் தேடும் குழு என்னும் கதைச்சட்டகம் ஜப்பானுக்கு அமெரிக்க விளையாட்டுகளின் வழியே வந்தது. 1974இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ மேசை விளையாட்டும், 1981இல் வெளிவந்த ‘விசர்ட்ரி’ கணினி விளையாட்டும் இதில் முதன்மையானவை. ‘விசர்ட்ரி’ தன் பிறந்த நாட்டைவிட ஜப்பானில் நீண்ட வாழ்வு பெற்றது. அவ்விளையாட்டில் இறந்தவனைக் கோயிலுக்குக் கொண்டுசென்று பணம் கட்டி உயிர்ப்பிக்கலாம். முயற்சி தவறினால் உடல் சாம்பலாகும். மீண்டும் தவறினால் அவன் அடியோடு இழக்கப்படுவான். ஆடுவோருக்கு இது ஒரு விதி, ஒரு கட்டணம், அதற்குமேல் ஒன்றுமில்லை. குயி ரியோகோ இவ்விதியை அப்படியே எடுத்துக்கொண்டு, விளையாட்டு கேட்காத வினாக்களைக் கேட்கிறார். மீட்கப்படும் உடலுக்குத் தசை எங்கிருந்து வருகிறது? சடலத்தைச் சுமந்து வருபவன் யார்? அவனுக்குக் கூலி என்ன? சாவு மலிவானால் வாழ்வின் விலை என்னவாகும்? படைப்பின் இருள் முழுவதும் இவ்வினாக்களிலிருந்தே கிளைக்கிறது.

செய்முறை என்னும் திரை

முதல் இயலின் தொடக்கம் நோக்கத்தக்கது. லையோஸ் என்னும் வீரனின் குழு செந்நிற டிராகன் ஒன்றுடன் போரிடுகிறது. அனைவரும் பசியால் தளர்ந்துள்ளனர். லையோஸின் தங்கை ஃபாலின் டிராகனால் விழுங்கப்படுகிறாள். விழுங்கப்படும் கணத்தில் தன் மந்திரத்தால் மற்றவர்களை நிலவறைக்கு வெளியே அனுப்பிவிடுகிறாள். உடைமைகள் உள்ளேயே தங்கிவிட்டன. குழுவில் இருவர் விலகிச் செல்கின்றனர். எஞ்சியோர் லையோஸ், எல்ஃப் இனத்து மந்திரக்காரி மார்சில், பூட்டும் பொறியும் அவிழ்க்கும் சில்சக் ஆகிய மூவர். உணவு வாங்கக் கையில் காசில்லை. டிராகனின் செரிமானம் மெதுவானது என்பதால் விரைந்து சென்றால் உடலை மீட்கலாம். ஆகவே வழியில் கிடைக்கும் விலங்குகளையே உண்டு செல்வதென லையோஸ் முடிவு செய்கிறான்.

நகைச்சுவை இவ்விடத்திலிருந்து தொடங்குகிறது. ஆனால் அதன் அடித்தளத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு விலங்கின் வயிற்றில் தங்கை செரிந்துகொண்டிருக்கிறாள். அச்செரிமானத்தை முந்துவதற்காக அண்ணன் பிற விலங்குகளைத் தன் வயிற்றில் செரிக்கிறான். கதையின் காலக் கணக்கே ஒரு வயிற்றின் காலக் கணக்கு. நடக்கும் காளானும் பெருந்தேளும் சேர்ந்து கொதிக்கும் முதற்சட்டியைப் பார்த்து மார்சில் முகம் சுளிக்கும்போது நாம் சிரிக்கிறோம். அதே வேளையில் வேறோர் இடத்தில் வேறொரு வயிறு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. ஆசிரியர் இதை நினைவூட்டுவதில்லை, மறைப்பதுமில்லை.

வழியில் சென்ஷி என்னும் குள்ளர் இனத்து முதியவர் குழுவோடு சேர்கிறார். நிலவறை விலங்குகளைச் சமைக்கும் கலையில் பல்லாண்டுப் பயிற்சி உடையவர். அவர் வந்தபின் படைப்பின் வடிவம் உறுதிப்படுகிறது. இயல்களுள் பல, உணவின் பெயரையே தலைப்பாகக் கொள்கின்றன. பொருள்களின் பட்டியல், அறுத்தல், கழுவுதல், வேகவைத்தல் என்னும் படிநிலைகள், பல இடங்களில் ஊட்டச்சத்து விளக்கப்படம் எனச் சமையல் நூலின் இலக்கணம் வழுவாது பின்பற்றப்படுகிறது. மண்பொம்மை வீரர்களான கோலெம்களின் முதுகில் சென்ஷி காய்கறி பயிரிடுகிறார். ஆவிகளின்மீது சுழற்றிய புனித நீர் குளிர்ந்து இனிப்புப் பனிக்கூழாகிறது. நடமாடும் கவசத்துக்குள் சிப்பியொத்த மெல்லுடலிகள் கூட்டமாக வாழ்கின்றன எனக் கண்டு, அவற்றையும் வதக்கி உண்கின்றனர். அச்சுறுத்தும் பொருள் ஒவ்வொன்றும் உடற்கூறு தெரிந்த பொருளாகி, உண்பொருளாகி, அச்சம் நீங்குகிறது. அறிதலும் உண்டலும் இங்கு ஒரே செயல்.

செய்முறைக் குறிப்பு என்பது உணர்ச்சியற்ற ஒரு வகைமை. எது அறுக்கப்படுகிறது என்பதை அது கேட்பதில்லை, எவ்வாறு அறுப்பது என்பதையே சொல்கிறது. வாசகர் இருபது இயல்களுக்கு மேல் இவ்வகைமைக்குப் பழகிவிடுகின்றனர். அதன்பின் டிராகன் கொல்லப்படுகிறது. அதன் கழுத்தடியில் உள்ள நலிந்த இடத்தை எட்டுவதற்காக லையோஸ் தன் காலை அதன் வாய்க்கு இரையாகக் கொடுக்கிறான். உண்ணப்படுவதன் வழியாகவே கொல்கிறான். பின்னர் வயிற்றைப் பிளந்து தேடுகின்றனர். ஃபாலின் உடலாகக் கிடைக்கவில்லை. ஓநாயொத்த விலங்குகளின் எலும்புகளோடு கலந்து எலும்பாகக் கிடைக்கிறாள்.

இதனையடுத்து வரும் பக்கங்களே இப்படைப்பின் அச்சாணி என்பது என் கருத்து. நால்வரும் அமர்ந்து எலும்புகளைப் பிரிக்கின்றனர்: இது விலங்கினது, இது மனிதனது. கழுவுகின்றனர்; வரிசைப்படுத்துகின்றனர்; எலும்புக்கூடு முழுமையாகிறது. தசையும் குருதியும் வேண்டும்; இறந்துகிடக்கும் டிராகனின் தசையும் குருதியும் பயன்படுத்தப்படுகின்றன. மார்சில் தடைசெய்யப்பட்ட பழைய மந்திரத்தைக் கையாள்கிறாள். படிநிலைகளைப் பாருங்கள்: பொருள் திரட்டல், தூய்மை செய்தல், பிரித்தல், சேர்த்தல், வெப்பமூட்டல். ஒரு செய்முறைக் குறிப்பில் இருக்க வேண்டிய அனைத்தும் உள்ளன. உயிர்மீட்புச் சடங்கு சமையலின் இலக்கணத்திலேயே நிகழ்கிறது. கோடுகளும் மாறவில்லை. காளானை வரைந்த அதே தெளிந்த மெல்லிய கோட்டில்தான் தங்கையின் விலா எலும்புகளும் வரையப்பட்டுள்ளன. கருமை பூசி அச்சமூட்டும் வழக்கமான உத்தியை ஆசிரியர் நாடவில்லை. அதனால்தான் நடுக்கம் உடனே எழுவதில்லை. சில பக்கங்கள் கடந்தபின் எழுகிறது.

ஃபாலின் உயிர்த்தெழுகிறாள். குருதி படிந்த உடலை வெந்நீரில் கழுவிக்கொள்கிறாள். பின் அனைவரும் அமர்ந்து டிராகன் இறைச்சியை உண்கின்றனர். எந்த உடலிலிருந்து அவளுக்குத் தசை வந்ததோ அதே உடலை அவளும் உண்கிறாள். இவ்விருந்து படைப்பிலேயே மிக மகிழ்வான காட்சிகளுள் ஒன்று. மிகக் கொடிய காட்சியும் அதுவே என்பது, அந்த டிராகன் நிலவறைத் தலைவனின் ஏவலுக்குக் கட்டுண்டது என்பது வெளிப்படும்போதுதான் தெரிகிறது. டிராகனின் குருதி எவளிடம் ஓடுகிறதோ அவளும் அவனுக்குக் கட்டுண்டவளாகிறாள். பின்னர் அவள் மேலுடல் பெண்ணாகவும் கீழுடல் சிறகு போர்த்த டிராகனாகவும் அமைந்த கலப்புயிராகத் தோன்றி, தன்னைத் தேடி வந்தவர்களையே கொல்கிறாள். சமையற்குறிப்பின் மொழியில் சொன்னால், கலந்தபின் பிரிக்க முடியாத ஒன்று கலக்கப்பட்டுவிட்டது.

அச்சத்தின் நிலைக்களன்கள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்காக வகுக்கிறது. அயல்மொழிப் படைப்பொன்றை நம் இலக்கணத்தால் அளப்பது எப்போதும் பயன் தருமென்று சொல்வதற்கில்லை. பல நேரங்களில் அது பெயர் ஒட்டும் வேலையாகவே முடிகிறது. இங்கு அப்பகுப்பைக் கையாள்வதற்குக் காரணம், அது நான்கு வகை அச்சங்களையும் ஒரே தட்டில் வைக்காமல் அவை பிறக்கும் மூலங்களைக் கேட்கிறது என்பதே.

விலங்கு பற்றிய அச்சம் இப்படைப்பில் விரைவில் தீர்ந்துவிடுகிறது. மேலே கண்டவாறு அறிவு அதனை உணவாக்கிவிடுகிறது. உண்மையில் இந்நிலவறையில் மிகக் குறைந்த அச்சம் தருவன விலங்குகளே.

கள்வர் பற்றிய அச்சம் சடலம் மீட்போர் வழியே வருகிறது. இந்நிலவறையில் உயிர் உடலோடு பிணைக்கப்பட்டிருப்பதால் இறந்தோரை மீட்கலாம். மீட்டு வருவோருக்குக் கூலி உண்டு. கூலி உண்டென்றால் சடலம் வேண்டும். சடலம் தானாகக் கிடைக்காத நாளில் அதனை உண்டாக்கவும் சிலர் துணிகின்றனர். இப்பகுதியை ஆசிரியர் நீட்டவில்லை. கப்ரு என்னும் இளைஞனின் குழு அவர்களை எதிர்கொள்ளும் இடத்தில் சில பக்கங்களோடு முடித்துவிடுகிறார். ஆயினும் விளையாட்டின் ‘கட்டணம்’ என்னும் விதியிலிருந்து கொலைத்தொழில் ஒன்று எவ்வளவு இயல்பாக முளைக்கிறது என்பதைக் காட்ட அப்பக்கங்கள் போதும். கப்ருவின் வாழ்வும் இங்கு இணைத்து நோக்கத்தக்கது. அவன் பிறந்த ஊரான உத்தாயா, அங்கிருந்த நிலவறை பெருகி வெடித்ததால் அழிந்தது; அவன் தாயும் அதில் மாண்டாள். லையோஸின் குழு அடுப்பெரித்து உண்ணும் அதே வேளையில், விலங்கு என்றாலே ஊரழிவு என நினைவுகூரும் ஒருவன் அவர்களைப் பின்தொடர்கிறான் என்பது, நகைச்சுவையின் எல்லையை இடைவிடாது வரையறுத்துக்கொண்டே செல்கிறது.

அணங்கும் இறையும் இப்படைப்பில் பிரிக்க இயலாதவை. நிலவறையின் தலைவன் திஸில் ஒரு காலத்தில் பொன்னாட்டின் அரசவையில் இருந்த எல்ஃப் மந்திரவாதி. அரசன் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டபின், இளவரசன் டெல்கலையேனும் சாவிலிருந்து காக்க விரும்பினான். அன்பிலிருந்து பிறந்த விருப்பம் அது. அதன் விளைவாக நாடு முழுவதும் மண்ணுக்குள் புதைந்தது. மக்கள் ஆயிரம் ஆண்டுகளாகச் சாவின்றி அடைபட்டனர். அவ்விருப்பத்தை நிறைவேற்றித் தந்தது சிறகுடைய சிங்க வடிவில் தோன்றும் பேய். அது எவரையும் வற்புறுத்துவதில்லை. கேட்டதைக் கொடுக்கிறது. கொடுத்துக் கொடுத்து விருப்பத்தை வளர்த்து, முற்றியபின் அதனை உண்கிறது. சென்ஷி கோலெம்களின் முதுகில் காய்கறி வளர்ப்பதற்கும் பேய் மனிதருள் விருப்பத்தை வளர்ப்பதற்கும் இடையே உள்ள ஒப்புமை தற்செயலானதன்று. உழவன் பயிர்மீது கொள்ளும் பரிவும் பேய் மனிதர்மீது கொள்ளும் பரிவும் ஒரே தன்மையன. பேய் பொய் சொல்லவில்லை. மனிதரை அது விரும்பவே செய்கிறது, நாம் சோற்றை விரும்புவது போல.

சென்ஷியின் ஐயம்

படைப்பின் நடுப்பகுதியில் சென்ஷியின் இளமை விரிகிறது. இதனைச் சற்று விரிவாக நோக்க வேண்டும். ஏனெனில் சமையல் நகைச்சுவைக்கு அடியில் என்ன புதைந்துள்ளது என்பதை நேரடியாகச் சொல்லும் பகுதி இதுவே.

இளைஞனாக இருந்தபோது சென்ஷி தன் இனத்தவர் குழுவொன்றோடு நிலவறைக்குள் சிக்கிக்கொண்டான். உணவு தீர்ந்தது. சிறகுடைய விலங்கொன்று தாக்கி ஒவ்வொருவராக மாண்டனர். இறுதியில் தலைவர் கிலின், அவ்விலங்கைக் கொன்றதாகச் சொல்லி இறைச்சிக் குழம்பு ஒன்றைக் கொடுத்தார். சென்ஷி உண்டான், பிழைத்தான். அதன்பின் வாழ்நாள் முழுவதும் ஓர் ஐயம் அவனை விடவில்லை: அன்று உண்டது விலங்கின் இறைச்சியா, இறந்த தோழனின் இறைச்சியா?

இவ்வையம் வெளிப்பட்டதும் முந்தைய இயல்கள் அனைத்தும் பின்னோக்கி நிறம் மாறுகின்றன. இளையோர் உண்ண வேண்டும், நிறைவாக உண்ண வேண்டும் என்னும் சென்ஷியின் பிடிவாதம் நகைச்சுவைப் பண்பாகவே இதுவரை தோன்றியது. அவர் ஏன் நிலவறையை விட்டு வெளியேறவில்லை, ஏன் விலங்குகளைச் சமைப்பதையே வாழ்வாக்கினார் என்று நாம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய வினாவைக் கேட்கவிடாமல் செய்தது நம் சிரிப்பே. மனித வடிவுடைய உயிர்களை உண்ணலாகாது என்று குழுவில் முன்பே எழுந்த வாதமும் இங்கு வேறு பொருள் பெறுகிறது. மீன்மாந்தரின் உடலை உண்ணலாமா என லையோஸ் எண்ணியபோது சில்சக் கடுமையாக மறுத்தது வெறும் அருவருப்பாகத் தோன்றியது. அதே எல்லையில்தான் சென்ஷி பல்லாண்டுகளாக நின்றுகொண்டிருந்தார்.

ஐயத்தைத் தீர்ப்பதும் சமையலே. குழு கிரிஃபின் என்னும் விலங்கைக் கொல்கிறது. அதன் இறைச்சியைக் குழம்பாக்கி அவருக்குக் கொடுக்கின்றனர். சுவை வேறாக இருக்கிறது. ஒரு கணம் எல்லாம் முடிந்ததாகத் தோன்றுகிறது. அப்போது லையோஸ் தன் விலங்கறிவைக் கொண்டு, அன்று தாக்கியது கிரிஃபின் அன்று, அதனையொத்த ஹிப்போகிரிஃப் என உய்த்துணர்கிறான். இனம் மாற்றும் காளான்களின் ஆற்றலால் கையிலிருந்த இறைச்சி ஹிப்போகிரிஃபின் இறைச்சியாகிறது. சென்ஷி மீண்டும் சுவைக்கிறார். அதே சுவை. அவர் அழுகிறார்.

இக்காட்சியில் நாவே சான்றாகிறது. நினைவு பொய்க்கலாம், சாட்சிகள் இறந்துவிடலாம். சுவை மட்டும் உடலில் தங்கி நிற்கிறது. அவர் உண்டது விலங்கே எனத் தெளிந்தபின்னும் ஒன்று எஞ்சுகிறது என்பதை மறத்தலாகாது. மனித இறைச்சியாக இருந்திருந்தாலும் அவர் உண்டிருப்பார், உண்டதால்தான் பிழைத்தார். விடை நல்லதாக அமைந்தது என்பதால் வினா இல்லாமற்போவதில்லை.

மூப்பு என்னும் இளிவரல்

மெய்ப்பாட்டியல் இளிவரலின் நிலைக்களன்களுள் முதலாவதாக மூப்பைக் கூறுகிறது. மார்சிலின் கதை இதனோடு நெருங்கியது. அவள் எல்ஃப் தாய்க்கும் மனிதத் தந்தைக்கும் பிறந்தவள். மனிதர் அறுபது ஆண்டுகளளவு வாழும் உலகில் அவள் ஆயிரம் ஆண்டுகள் வாழக்கூடும். தந்தை முதிர்ந்து மறைவதை அவள் சிறுமியாக இருந்தபோதே கண்டாள். அவளுடைய தீக்கனவுக்குள் லையோஸ் நுழையும் இயலொன்று முன்னரே வருகிறது. தலையணைக்குள் வாழும் சிப்பியொத்த உயிரினம் அக்கனவை உண்டாக்குகிறது. வழக்கம்போல் கடைசியில் அச்சிப்பியையும் வேகவைக்கின்றனர். கனவில் அவளைத் துரத்துவது, எல்லோரும் தனக்கு முன்னே இறந்துவிடுவர் என்னும் அறிவே.

ஜப்பானிய நாட்டுப்புற மரபில் யாவோ பிக்குனி என்னும் பெண்ணைப் பற்றிய கதை வகாசா பகுதியோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படுகிறது. கடற்கன்னியின் இறைச்சியை அறியாது உண்டதால் அவள் மூப்படையாமல் எண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்தாள். கணவரும் உற்றாரும் மறைவதைக் கண்டு துறவு பூண்டாள். விந்தை உயிரின் இறைச்சி, நீளாயுள், தனிமை ஆகிய மூன்றும் அங்கே ஒரே முடிச்சில் உள்ளன. மார்சில் அத்தனிமையை ஏற்க மறுக்கிறாள். துறவுக்கு மாறாக, எல்லா இனத்தாரும் ஆயிரம் ஆண்டு வாழ வேண்டும் என விரும்புகிறாள். அவ்விருப்பமே அவளை நிலவறைத் தலைவியாக்கி, சிங்கப் பேயின் விளைநிலமாக்குகிறது. திஸிலின் விருப்பத்துக்கும் அவள் விருப்பத்துக்கும் வேறுபாடு மிகச் சிறிது. படைப்பில் தீயோர் என எவரையும் சுட்ட இயலாமல் இருப்பதற்கு இதுவே காரணம். இழப்பைத் தாங்க மறுத்தவர்கள் மட்டுமே உள்ளனர். தங்கையை மீட்கச் சென்ற லையோஸும் அவ்வரிசையில் நிற்பவனே.

பசியற்றோர்

‘கொஜிகி’ 712ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ஜப்பானின் தொன்மையான நூல். அதில் இசானகி இறந்துபோன தன் துணைவி இசானமியைத் தேடி யோமி என்னும் கீழுலகுக்குச் செல்கிறான். அவளோ அவ்வுலகின் அடுப்பில் சமைத்ததை உண்டுவிட்டதால் திரும்ப இயலாதவளாகிறாள். தடையை மீறி அவளைப் பார்த்த அவன், புழு நெளியும் உடலைக் கண்டு அஞ்சி ஓடுகிறான். கீழுலகின் சோற்றை உண்டவர் கீழுலகத்தவராவர் என்பது அங்குள்ள விதி. ‘நிலவறைச் சோறு’ இவ்விதியைத் தலைகீழாக்குகிறது என்பது ஒப்பீட்டளவில் கருதத்தக்கது. இங்கே மீட்கச் சென்றவர்கள் கீழுலகின் சோற்றை உண்கின்றனர். உருத்திரிந்த உடலைக் கண்டபின்னும் அவர்கள் ஓடவில்லை.

இவ்வுலகில் உண்மையில் கீழுலகத்தவராகிவிட்டவர்கள் உண்ணாதவர்களே. பொன்னாட்டு மக்களுக்கு மூப்பில்லை, சாவில்லை, பசியுமில்லை. வயலில் வேலை செய்கின்றனர், விலங்கு வளர்க்கின்றனர், எல்லாம் பழக்கத்தால். டெல்கலின் பேரன் யாட் வயதால் முதியவன், உருவால் சிறுவன். அவர்களின் ஊர் அழகானது, ஒழுங்கானது. கலப்புயிரான ஃபாலினின் குருதி தோய்ந்த நகங்களைவிட அவ்வூரின் அமைதியே எனக்கு அச்சம் தந்தது.

அதே அமைதியைத் தனியொரு மனிதனிடம் காண்பது மித்ருனிடம். எல்ஃப்களின் படைத்தலைவனான அவன் முன்பு வேறொரு நிலவறையின் தலைவனாக இருந்தவன். பேய் அவன் விருப்பங்களையெல்லாம் உண்டுவிட்டது. தன்னைப் பழிவாங்க வேண்டும் என்னும் ஒன்றை மட்டும் விட்டுச் சென்றது. அவனுக்குப் பசி தோன்றுவதில்லை. உறக்கம் வேண்டும் என்று தெரிவதில்லை. பிறர் நினைவூட்டி ஊட்ட வேண்டும். நிலவறைக்குள் அவனோடு தனித்து அகப்பட்ட கப்ரு நாள்தோறும் அவனுக்கு உணவு தயாரிக்கிறான். விலங்குணவை வெறுக்கும் ஒருவன், உணவின் தேவையே தெரியாத ஒருவனுக்குச் சமைக்கும் இப்பகுதி, லையோஸ் குழுவின் மகிழ்வான அடுப்புக்கு எதிர்நிலையில் நிற்கும் மற்றோர் அடுப்பு. அங்கும் செய்முறைதான் நிகழ்கிறது. சுவைப்பவன் மட்டும் இல்லை.

இப்பின்னணியில் பேயின் வீழ்ச்சி எவ்வாறு நிகழ்கிறது என்பது தெளிவாகும். வாளாலோ மந்திரத்தாலோ அது வெல்லப்படவில்லை. தான் கற்பனை செய்த விலங்கின் உருவை எய்திய லையோஸ், பேயின் ‘உண்ணும் விருப்பத்தையே’ உண்டுவிடுகிறான். எல்லாவற்றையும் உண்ண விரும்பிய ஒன்று பசியற்றதாகிறது. அதனுடன் அதன் ஆற்றலும் முடிகிறது. வென்றவன் செய்தது, வெல்லப்பட்டது ஆயிரம் ஆண்டுகளாகச் செய்த அதே செயலைத்தான். இதனை அறத்தின் வெற்றியாகப் படிப்பது எளிது. ஆயினும் அவ்வாறு படிக்க இப்பக்கங்கள் இடந்தருவதாகத் தோன்றவில்லை.

அதன்பின் ஃபாலின் மீட்கப்படும் முறையும் இதே இருளில் நடக்கிறது. கலப்புயிரின் டிராகன் பகுதியை முழுவதும் உண்டு தீர்த்துவிட்டால், எஞ்சும் மனித உடலை உயிர்ப்பிக்கலாம் என்பது லையோஸின் திட்டம். கலந்ததைப் பிரிக்க இயலாதிருந்த சமையல் இங்கு உண்டலால் பிரிக்கிறது. ஊர் முழுவதும் அழைக்கப்படுகிறது. மனிதர், குள்ளர், எல்ஃப், ஓர்க் எனப் பகையுற்றோர் அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து பல நாள் உண்கின்றனர். கதையின் மங்கல முடிவு அது. அடுக்களைக் குறிப்பின் நடுநிலை மொழியில் அதனைச் சொன்னால், ஒரு பெண்ணின் உடலோடு ஒட்டியிருந்த தசையை ஊரார் கூடி உண்கின்றனர். இரு விவரிப்பும் உண்மை. ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ள ஆசிரியர் வழி வைக்கவில்லை. அவர் வரைந்திருப்பது பந்தியில் அமர்ந்தோரின் நிறைந்த முகங்களைத்தான்.

லையோஸ் அந்நாட்டின் அரசனாகிறான். சிறுவயது முதல் விந்தை விலங்குகளையே நேசித்தவன், அவற்றை அறியவும் சுவைக்கவும் மற்றெதனையும்விட விரும்பியவன். பசியிழந்து மறையும் வேளையில் பேய் அவனுக்கு ஒரு சாபம் விட்டுச் செல்கிறது: அவனது ஆழ்ந்த விருப்பம் ஒருபோதும் நிறைவேறாது. அவன் ஆட்சியில் நாடு விலங்குத் தொல்லையின்றி வளம் பெறுகிறது, ஏனெனில் எந்த விலங்கும் அவன் அருகே வருவதில்லை.